கனமான பழைய கார் பாகங்கள் வழியில் சேதமடைவது ஏன்: அடையாளம் பார்த்துக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

பழைய கார் பாகங்களை அனுப்புவோர் பலரும் ஒரே முறையீட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: நன்றாகத்தான் கட்டி அனுப்பினோம், வழியில் தூக்கி எறிந்துவிட்டார்கள். எறிந்திருக்கவும் கூடும். ஆனால் உடைந்து வந்த பெட்டிகளைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த பாகமே தன் எடையால் பெட்டியையும் உடைத்துத் தன்னையும் உடைத்துக்கொண்டதற்கான தடயங்கள்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. கனமான இரும்புத் துண்டு பெட்டிக்குள் இரண்டு விரல்கடை அசைய முடிந்தால் போதும், அது உள்ளிருந்து அடிக்கும் சுத்தியலாகிவிடும்.

கீழே உள்ளவை, வந்து சேர்ந்த பொதியில் காணும் அடையாளத்திலிருந்து தொடங்கி, காரணத்தையும் அடுத்த முறை மாற்ற வேண்டியதையும் சொல்கின்றன. எந்த அடையாளமாக இருந்தாலும், பிரிப்பதற்கு முன்பே பெட்டியின் ஆறு பக்கங்களையும் படம் எடுத்துவிட வேண்டும். பிரித்த பிறகு பெட்டியையும் உள்பொதியையும் எறிந்துவிடக் கூடாது. பெட்டியின் எந்த மூலை நசுங்கியிருக்கிறது, பாகத்தின் எந்த முனை அதற்கு நேராக இருந்தது என்பதை வைத்துத்தான் காரணத்தைக் கண்டறிய முடியும். இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் நாள்கணக்கும் முக்கியம். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் விமானச் சரக்கில், பெற்ற நாளிலிருந்து 14 நாள்களுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் கடல் சரக்கில், வெளியே தெரியாத சேதத்தை 3 நாள்களுக்குள் தெரிவிக்காவிட்டால் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகவே முதலில் கருதப்படும்.

ஒரு சிறு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் பலவற்றுக்கு அதுவே அடிப்படை. 20 கிலோ எடையுள்ள பாகம் 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். விழுந்த உயரத்தை, நிற்பதற்கு அது எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், சராசரியாக எத்தனை மடங்கு எடை அதன் மேல் ஏறியது என்பது தோராயமாகத் தெரியும். அடியில் இருக்கும் நுரை 3 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் 20 மடங்கு, அதாவது சுமார் 400 கிலோ. வெறும் அட்டை 3 மில்லிமீட்டர் மட்டும் நசுங்கினால் 200 மடங்கு, அதாவது சுமார் 4 டன். இந்தச் சுமை பரந்த அடிப்பரப்பில் இறங்கினால் பாகம் தாங்கும். விரல் பருமனுள்ள ஒரு காதில், அதாவது போல்ட் மாட்டுவதற்காக நீட்டிவிட்ட துண்டில், இறங்கினால் அந்தக் காது போய்விடும்.

வார்ப்பிரும்பின் காது அல்லது விளிம்பு உடைந்திருக்கிறது

முதலில் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புதிதாக உடைந்த வார்ப்பிரும்பு வெளிர் சாம்பல் நிறத்தில், மணல்மணலாக, உலர்ந்து தெரியும். உடைந்த முகம் முழுவதும் அல்லது அதன் ஒரு பகுதி கறுத்தோ, எண்ணெய் ஊறியோ, துருவேறியோ இருந்தால், அங்கே முன்பே விரிசல் இருந்தது. பயணம் அதை முடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் விற்றவரும் வாங்கியவரும் வாரக்கணக்கில் வாதிடுவதைக் கண்டிருக்கிறேன். உடைந்த முகத்தின் ஒரு நெருக்கப்படம் அந்த வாதத்தை அன்றே முடித்திருக்கும். அனுப்புவதற்கு முன் பாகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்றும் பயனுள்ளது: விரிசலற்ற வார்ப்பு மணிபோல் நீள ஒலிக்கும், விரிசலுள்ளது மந்தமாக அடங்கிவிடும். விலையுயர்ந்த பாகமானால், சிவப்புச் சாயத்தைப் பூசி விரிசலைக் காட்டும் சாய ஊடுருவல் சோதனையைச் செய்துவிடலாம்.

உடைந்த முகம் முழுவதும் புதிதாக இருந்தால், எடை தவறான இடத்தில் தாங்கப்பட்டிருக்கிறது. சாம்பல் வார்ப்பிரும்பில் கரி தகடுதகடான கிராஃபைட்டாகக் கலந்திருப்பதால், அது அமுக்கத்தைத் தாங்கும் வலிமை, இழுவிசையைத் தாங்கும் வலிமையைப்போல மூன்று நான்கு மடங்கு. ஆகவே தட்டையான முகத்தில் உட்கார வைத்தால் எவ்வளவு சுமையையும் பொறுத்துக்கொள்ளும். நீட்டிக்கொண்டிருக்கும் காதை வளைத்தால் எச்சரிக்கை எதுவும் தராமல் முறியும். பழைய அலுமினிய வார்ப்புகளான பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணிவடிவ உறை), எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றின் விளிம்புகளும் இதே வகையில்தான் போகின்றன.

சரிசெய்யும் வழி, பாகத்தைச் சுற்றுவதற்கு முன் அதைப் பிணைத்துவிடுவது. குறைந்தது 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒட்டுப்பலகையை அடித்தளமாக எடுத்து, பாகத்தில் ஏற்கெனவே உள்ள தடித்த போல்ட் துளைகளின் வழியாக அகலமான வாஷர்களுடன் அதை இறுக்கிவிட வேண்டும். பலகைதான் பெட்டிக்குள் நான்கு புறமும் பொருந்தி நிற்க வேண்டும். பாகம் பெட்டியின் எந்தச் சுவரையும் தொடக் கூடாது. காதுகள், மெல்லிய விளிம்புகள், நீட்டுக்குழாய்கள் ஆகியவற்றைச் சுற்றி 5 சென்டிமீட்டராவது வெற்றிடம் இருக்கட்டும். மெல்லிய காதுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து அதைச் சுற்றி நுரையைத் திணிப்பவர்கள், பெட்டியின் அடியை நேராக அந்தக் காதுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

எஞ்சினின் புகையைத் திரட்டி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஒரு விதிவிலக்கு. ஆறு அல்லது எட்டு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள எஞ்சின்களின் நீண்ட மேனிஃபோல்டுகள் பல்லாண்டு வெப்பத்தில் சற்றே கோணியிருக்கும். அதை நேரான பலகையில் முறுக்கி இறுக்கினால், பெட்டியை மூடும் முன்பே விரிசல் விழுந்துவிடும். ஒரு மேனிஃபோல்டை நான் இப்படித்தான் என் கையாலேயே உடைத்தேன். டக்கென்று ஒரு சிறு ஓசை, அவ்வளவுதான். ஒவ்வொரு துளைக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் துண்டு வைத்து, இடைவெளி உள்ள இடத்தில் கூடுதல் ரப்பரால் அதை நிரப்பி, நட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் திருப்பி, இரட்டை நட்டிட்டுப் பூட்டிவிட வேண்டும்.

விரிசல் காதில் இல்லாமல் சிலிண்டர் பிளாக்கின் பக்கச் சுவரில், அதுவும் நீர் ஓடும் அறையின் மேல் நீளவாக்கில் இருந்து, வெளியே அடிபட்ட தழும்பும் இல்லையென்றால், தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே தேங்கிய நீர், குளிர்ப் பகுதி வழியாகச் செல்லும்போதோ சூடேற்றப்படாத கிடங்கில் இருக்கும்போதோ உறைந்தால், கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். அந்த நெருக்கத்துக்கு வார்ப்பிரும்பு ஈடுகொடுக்காது. வடிகால் குழாயைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, ஏனெனில் பழைய பிளாக்குகளில் அந்தத் துளை பெரும்பாலும் வண்டலால் அடைபட்டிருக்கும். கம்பியால் குத்தித் திறந்து, பிளாக்கைப் புரட்டி வடித்து, அழுத்தக் காற்றால் ஊதிய பிறகே கட்ட வேண்டும்.

அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்திருக்கிறது, அல்லது பாகம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது

ஃப்ளைவீல், பிரேக் டிரம், டிஃபரன்ஷியல், லீஃப் ஸ்பிரிங் ஆகியவை இப்படித்தான் வந்து சேரும். இதற்குக் காரணம் பெட்டியின் தரம் மட்டுமன்று. பபுள் ராப்பின் குமிழ்கள் இத்தகைய எடையின் கீழ் முதல் சில மணி நேரத்திலேயே ஒவ்வொன்றாக வெடித்துவிடும்; தெர்மாகோல் துகள்கள் குலுக்கலில் மேலேறிவிட, பாகம் கீழிறங்கி அடியட்டையில் அமரும்; தெர்மாகோல் பலகை ஒரே அடியில் பிளக்கும். அனுப்பும்போது கச்சிதமாக இருந்த பெட்டி, பாதிவழியில் உள்ளே வெற்றிடம் கொண்ட பெட்டியாக மாறிவிடுகிறது. பிரித்தவுடன் துகள்கள் எல்லாம் மேலேயும் பாகம் அடியிலும் கிடந்தால், நடந்தது இதுதான்.

அட்டையின் வலிமையும் ஈரத்தில் வெகுவாகக் குறையும். மிக ஈரமான காற்றில் சில நாள்கள் இருந்த நெளியட்டைப் பெட்டி, உலர்ந்த நிலையில் தாங்கிய சுமையில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்கும். மழைக்காலத்தில் 15 கிலோவுக்கு மேல் உள்ள எதையும் ஒற்றை நெளியட்டையில் அனுப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 30 கிலோ வரை இரட்டை நெளியட்டைப் பெட்டிக்குள், அதன் உள்ளளவுக்குச் சரியாக வெட்டிய 9 அல்லது 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை அடியிலும் பக்கங்களிலும் வைத்து அனுப்பலாம். அதற்கு மேல் மரப்பெட்டியே வேண்டும். பல கூரியர் நிறுவனங்கள் தனிப் பொதியாக 68 முதல் 70 கிலோ வரை ஏற்றுக்கொள்கின்றன என்பதற்காக அந்த எல்லை வரை போவது அறிவுடைமை ஆகாது. ஒருவர் சிரமப்பட்டுத் தூக்கக்கூடிய எடைதான் அதிகமாகக் கீழே போடப்படுகிறது. எவராலும் தூக்க முடியாத எடை தள்ளுவண்டியிலோ ஃபோர்க்லிஃப்டிலோ ஏறிவிடுவதால், இடைப்பட்ட எடைக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஃப்ளைவீலும் டிரம்மும் வட்டமாக இருப்பதால் பெட்டிக்குள் உருளப் பார்க்கும். நடுத்துளை வழியாக ஒரே ஒரு தடித்த போல்ட்டும் இருபுறமும் இரு பலகைகளும் போதும். பலகை சதுரமாகவும் சக்கரத்தின் விட்டத்தைவிட 4 சென்டிமீட்டராவது பெரியதாகவும் இருந்தால், எந்த மூலையில் விழுந்தாலும் பலகைதான் அடி வாங்கும். லீஃப் ஸ்பிரிங்கின் இரு முனைக் கண்களுக்கும் மரத் தொப்பி மாட்டிவிட வேண்டும்.

தண்டு வளைந்திருக்கிறது, வால்வுகள் கோணியிருக்கின்றன

கியர்பாக்ஸிலிருந்து முன்னால் நீண்டிருக்கும் உள்தண்டு பார்ப்பதற்கு உறுதியாகத் தெரிந்தாலும், பெட்டி செங்குத்தாக விழுந்தால் மொத்த எடையும் அதன் முனையில்தான் இறங்கும். தண்டு வளையாவிட்டாலும் அந்த அடி நேராகத் தாங்கியில் (பேரிங்கில்) போய்ச் சேர்ந்து, குண்டுகள் ஓடும் பாதையில் சிறு பள்ளங்களை உண்டாக்கும்; வண்டியில் மாட்டி ஓட்டும்போதுதான் அது கரகரப்பாக வெளிப்படும். தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது சம இடைவெளியில் நெருடினால், இந்தச் சேதமாகத்தான் இருக்கும். தண்டின் மேல் அதைவிட நீளமான தடித்த பி.வி.சி. குழாயை மாட்டி, குழாயின் வாய் பெல் ஹவுசிங்கின் உள்ளே உறுதியான பகுதியில் உட்காரும்படி வெட்டிவிட்டால், எடை குழாய் வழியாக உறைக்குப் போகும், தண்டுக்குப் போகாது. அதைவிடச் சிறந்தது, பெல் ஹவுசிங்கின் முகத்தைத் துளையிட்ட பலகையில் போல்ட்டால் இறுக்கி, தண்டு பலகையின் துளைக்குள் எதையும் தொடாமல் நிற்கும்படி செய்வது.

சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டில் கோளாறு வேறு வகை. மேல்வால்வு எஞ்சின்களின் ஹெட்டை வால்வுகளோடு அனுப்பும்போது, வால்வுகளைத் திறக்கும் ராக்கர் ஷாஃப்டோ கேம்ஷாஃப்டோ மாட்டியபடியே இருந்தால், ஏதாவது இரண்டு மூன்று வால்வுகள் திறந்த நிலையில் ஹெட்டின் கடைந்த (இயந்திரத்தில் வழவழப்பாகத் தட்டையாக்கிய) முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கீழே வைத்தால் மொத்த எடையும் அந்த வால்வுத் தலைகளில்தான் நிற்கும். ஹெட்டை அனுப்பும் முன் ராக்கரைத் தளர்த்தியோ கேம்ஷாஃப்டைக் கழற்றியோ எல்லா வால்வுகளையும் மூடிவிட்டு, கடைந்த முகத்தைத் தட்டையான பலகையில் வைத்து, ஹெட் போல்ட் துளைகள் வழியாகவே இறுக்க வேண்டும். பலகைக்கும் முகத்துக்கும் நடுவே எண்ணெய்த் தாள் மட்டும் போதும். அங்கே மணல்துகள் ஒன்று மாட்டிக்கொண்டால், பயணம் முழுவதும் அது முகத்தை அரைத்துக்கொண்டே வரும் என்பதால், கட்டும் முன் துடைப்பதைத் தவறவிடக் கூடாது.

கிராங்க்ஷாஃப்டை இரு முனைகளில் மட்டும் தாங்கிவிட்டு நடுவில் தொங்கவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. மெயின் ஜர்னல்களுக்கு (தண்டு தாங்கிகளில் சுழலும் வழவழப்பான பகுதிகளுக்கு) நேராக மரக்கட்டைகளில் அரைவட்டம் வெட்டி, அதில் தோலோ கெட்டியான கம்பளித் துணியோ ஒட்டி, மேலிருந்தும் அதேபோன்ற கட்டைகளால் கவ்விப் பிடிக்க வேண்டும். முன்பின்னாக ஓடாமல் தடுக்க, ஃப்ளைவீல் மாட்டும் முகத்தைப் பெட்டியின் முனைப்பலகையில் போல்ட்டால் இறுக்கலாம். பழுதான தண்டு வந்து சேர்ந்தால், கடைசல் இயந்திரத்தில் இரு மையங்களுக்கிடையே ஏற்றி, நுண்கோணலை முள்ளால் காட்டும் டயல் கேஜில் பார்க்காமல், கண்ணால் நோக்கி நேராக இருப்பதாக முடிவுசெய்துவிடக் கூடாது.

பேலட்டின் (சரக்கு ஏற்றும் மரத்தட்டின்) மேல் எஞ்சின் நகர்ந்திருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது

கட்டுப்பட்டைகள் அறுந்திருக்கின்றனவா, அறாமலே தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அறுந்திருந்தால் கூர்மையான வார்ப்பு விளிம்பில் உராய்ந்திருக்கும். விளிம்புக் காப்புகளை வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம். தளர்ந்திருந்தால் காரணம் வேறு. பாலிப்ரொப்பிலீன் பட்டை இழுவையில் நாளடைவில் நீண்டு கொடுக்கும். பாலியெஸ்டர் பட்டை இறுக்கத்தை அதைவிட நன்றாக வைத்துக்கொள்ளும். பச்சை மரத்தில் செய்த பேலட்டும் வழியில் உலர்ந்து சுருங்கும், அப்போது இறுக்கிய நட்டு தானாகவே தளரும்.

எவ்வளவு விசைக்குத் தயாராக வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஐரோப்பியத் தர நெறி இ.என். 12195-1, சாலைப் போக்குவரத்தில் சரக்கின் எடையில் 0.8 மடங்கு முன்னோக்கியும், 0.5 மடங்கு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் விசை வரும் என்று கணக்கிடச் சொல்கிறது. 250 கிலோ எஞ்சினுக்கு அவசரப் பிரேக்கின்போது முன்னோக்கி 200 கிலோ தள்ளும். எண்ணெய் படிந்த எண்ணெய்த் தொட்டியை வழுக்கும் மரத்தின் மேல் வைத்து இரண்டு பட்டை போட்டால் அது நிற்காது என்பது இதிலிருந்தே விளங்கும். எஞ்சினை அதன் மெலிந்த தகரத் தொட்டியின் மேல் உட்கார வைக்கவே கூடாது. எஞ்சின் மவுண்டிங் துளைகளிலும் பெல் ஹவுசிங் துளைகளிலும் பிடித்துத் தூக்கி நிறுத்தும் மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ செய்து, அந்தச் சட்டத்தைப் பேலட்டின் குறுக்குக் கட்டைகளில் மறுபுறம் வரை ஊடுருவும் போல்ட்டும் அடிப்பக்கம் பெரிய வாஷரும் போட்டு இறுக்க வேண்டும். ஆணியும் மரத்திருகும் இந்த வேலைக்கு உதவா. குலுக்கலில் அவை மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டு வரும். பட்டை இரண்டாம் காவல் மட்டுமே.

1200க்கு 800 மில்லிமீட்டர் அளவுள்ள ஐரோப்பியப் பேலட்டில் எஞ்சினின் எந்தப் பகுதியும் விளிம்பைத் தாண்டி நீட்டக் கூடாது, ஏனெனில் நீட்டிய பகுதிதான் அடுத்த பேலட்டின் மேல் மோதும். மேலே தட்டையான மூடி போட்டால் அதன்மேல் இன்னொரு சரக்கை ஏற்றுவார்கள். கூரைபோல் சாய்வாக மூடிவிட்டால் ஏற்ற வழியில்லை. இந்த ஒரு உத்தி, பெட்டியின் மேல் ஒட்டும் பத்து எச்சரிக்கைத் தாள்களைவிட நன்றாக வேலை செய்கிறது.

உடையவில்லை, ஆனால் துருப்பிடித்திருக்கிறது

கடைந்த முகங்கள், ஜர்னல்கள், சிலிண்டர் துளைகள் ஆகியவற்றில் செம்பொடியாகத் துரு படர்ந்திருந்தால், அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். விரல் அடையாளமாக இருந்தால், கட்டும்போது தொட்டவரின் வியர்வை. கோடுகோடாக இருந்தால் பிளாஸ்டிக்கின் உட்புறம் திரண்டு வழிந்த நீர். மரம் தொட்ட இடத்தில் மட்டும் இருந்தால் மரத்தின் ஈரமோ அமிலமோ காரணம். ஓக் மரத்திலிருந்து அசெட்டிக் அமில ஆவி வெளிப்படும் என்பதும், அது ஈயத்தையும் துத்தநாகத்தையும் இரும்பையும் அரிக்கும் என்பதும் பலரும் அறியாதவை. அழகான ஓக் பெட்டியில் கார்புரேட்டரை வைத்து அனுப்புவது நல்ல எண்ணத்தில் செய்யும் தீங்கு.

கப்பல் கண்டெய்னருக்குள் பகலில் காற்று சூடேறி ஈரத்தை ஏந்திக்கொள்கிறது. இரவில் கூரைத்தகடு குளிர, அந்த ஈரம் துளிகளாகக் கூடி மழைபோல் சொட்டுகிறது. வாரக்கணக்கான கடற்பயணத்தில் இது நாள்தோறும் நடக்கும். இரும்பு துருப்பிடிப்பது காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது வேகமெடுக்கிறது, 40க்குக் கீழ் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே மெல்லிய எண்ணெய் மட்டும் பூசி அனுப்புவது விமானத்துக்குப் போதும், கப்பலுக்குப் போதாது. கப்பலில் போகும் பாகத்துக்கு மெழுகு கலந்த காப்பெண்ணெய் பூசி, துருத்தடுப்பு ஆவி வெளியிடும் வி.சி.ஐ. தாளில் சுற்றி, தடித்த பாலித்தீன் பையில் வைத்து வாயைச் சூடாக்கி ஒட்டிவிட வேண்டும். பை திறந்திருந்தால் அந்த ஆவி வெளியேறிவிடும். தாளுக்குச் செலவழித்தது வீண். இரும்புக்கென்று செய்த சில வகைத் தாள்கள் பித்தளை, துத்தநாகம் போன்றவற்றுக்கு ஆகா என்பதால், கலப்பு உலோகப் பாகங்களுக்கு எல்லா உலோகத்துக்கும் ஏற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

குரோமும் பெயிண்டும் தேய்ந்திருக்கின்றன

அட்டை மிருதுவாகத் தெரிந்தாலும், ஆயிரம் கிலோமீட்டர் அதிர்வில் அது நுண்ணிய உப்புத்தாள்போல் வேலை செய்யும். பம்பரின் வளைவில் மங்கலான கோடுகள் இருந்தால் காரணம் இதுவே. புதிய பெயிண்டின் மேல் வட்ட வட்டத் தழும்புகள் இருந்தால், முழுதாக உலராத பெயிண்டில் பபுள் ராப்பின் குமிழ்கள் பதிந்திருக்கின்றன. நீளவாக்கில் பசைக் கறை இருந்தால் டேப்பை நேராக ஒட்டியிருக்கிறார்கள். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: முதலில் மெல்லிய பாலித்தீன் நுரைத்தாள் அல்லது துவைத்த பருத்தித் துணி, அதன்மேல்தான் மற்றவை, டேப் எதுவும் பாகத்தைத் தொடாமல். புதிய பெயிண்டானால் சில வாரம் காத்திருந்து அனுப்புவதே முறை.

ரேடியேட்டர் ஒழுகுகிறது

பித்தளைத் தொட்டியும் செப்புக் குழாய்களும் ஈயப் பற்றாசால் இணைந்த பழைய ரேடியேட்டரில் உடைப்பு கண்ணுக்குத் தெரியாது. அழுத்திச் சோதித்தால்தான் தெரியும். பெரும்பாலும் நீர்க்குழாய் முனையைத் தரையில் ஊன்றி நிறுத்தியிருப்பார்கள், அந்த முனையின் பற்றாசு பிளந்திருக்கும். ரேடியேட்டரை அதன் பக்கச் சட்டத்தின் துளைகளிலிருந்து மரச்சட்டத்துக்குள் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் செதில்களைத் தொடாமல் ஒட்டுப்பலகை மூட வேண்டும். கண்ணாடியைப் போலவே இதையும் நிமிர்த்தியே அனுப்ப வேண்டும், படுக்க வைக்கக் கூடாது.

பொதி எண்ணெய்க் கறையோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது

பழைய கியர்பாக்ஸ்களில் பலவற்றில் இன்றைய ரப்பர் சீல் கிடையாது. ஃபெல்ட் வளையமோ திருகுவடிவப் பள்ளமோதான் எண்ணெயைத் தடுக்கும், அதுவும் நிமிர்ந்து நிற்கும் வரைதான். வடித்துவிட்டோம் என்று சொன்னாலும் உள்ளே தங்கிய ஒரு குவளை எண்ணெய் சாய்ந்தவுடன் வெளிவரும். ஓர் இரவு முழுவதும் வெவ்வேறு பக்கமாகச் சாய்த்து வடித்து, துளைகளை அடைத்து, உறிஞ்சும் துணியோடு பையில் கட்ட வேண்டும். பெட்ரோல் வாடை வீசும் தொட்டியும் கார்புரேட்டரும், அமிலமுள்ள பேட்டரியும், வாயு அடைத்த ஷாக் அப்சார்பரும் எண்ணெய்க் கறையைவிடக் கடுமையான சிக்கல். அவை ஆபத்தான சரக்கு விதிகளுக்குள் வருபவை, அறிவிக்காமல் அனுப்பினால் பொதி நின்றுவிடும்.

மரப்பெட்டி துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது

நாடு கடந்து செல்லும் கட்டைமரப் பெட்டிகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு நெறி உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடமாவது ஏறியிருக்க வேண்டும், அல்லது அந்நெறி ஏற்ற வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். அதற்கான கோதுமைக்கதிர் முத்திரை பெட்டியில் தெரிய வேண்டும். பசையும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்த ஒட்டுப்பலகைக்கு இந்த நெறி பொருந்தாது. அதனால்தான் முழுவதும் ஒட்டுப்பலகையால் செய்வது தொல்லையற்ற வழி. ஆனால் மூலைக்குச் செருகிய ஒரே ஒரு முத்திரையற்ற கட்டையும் பெட்டியை நிறுத்திவிடும். வெப்பப்படுத்திய முத்திரை இருப்பதால் மரம் உலர்ந்தது என்று பொருளில்லை, துருவைப் பற்றிச் சொன்னது இங்கும் நினைவிருக்கட்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். 2003 டிசம்பர் 31 முதல் அதை முற்றிலும் தடைசெய்த ஆஸ்திரேலியாவைப் போன்ற நாடுகளுக்கு அனுப்பும் முன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

பெட்டி அப்படியே இருக்கிறது, பாகம் நொறுங்கியிருக்கிறது

இதுதான் மிகவும் குழப்பும் அடையாளம். பெட்டியில் ஒரு கீறல் இல்லை, உள்பொதி கலையவில்லை, ஆனால் கதவுக் கைப்பிடியோ கார்புரேட்டர் உடலோ விளக்குச் சட்டமோ பிஸ்கட்போல் துண்டுகளாகக் கிடக்கிறது. துண்டின் பரப்பில் வலைபோன்ற நுண்விரிசல்களும், உப்பலும், வெண்சாம்பல் நிற முறிவும் இருந்தால், அது துத்தநாக வார்ப்பின் உள்நோய். ஈயம், வெள்ளீயம் போன்ற சிறு கலப்படங்கள் உலோகமணிகளுக்கிடையே அரிப்பை உண்டாக்கி, பல்லாண்டுகளில் வார்ப்பைப் பெருக்கி உதிர்க்கின்றன. தூய துத்தநாகத்தைக் கொண்டு செய்த ஜமக் கலவையை நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929இல் உருவாக்கிய பிறகு இது குறைந்தது. ஆனாலும் கலப்படம் கலந்த பிற்கால வார்ப்புகளிலும் தென்படுகிறது.

இதற்குப் பொதியலில் மருந்தில்லை. காப்பீட்டிலும் இடமில்லை, ஏனெனில் பரவலாகப் பயன்படும் சரக்குக் காப்பீட்டு நிபந்தனைத் தொகுப்பான இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் ஏ, பொருளின் இயல்பிலேயே உள்ள குறையையும் போதாத பொதியலையும் விலக்கிவிடுகிறது. அனுப்பும் முன் பூதக்கண்ணாடியால் பரப்பைப் பார்த்து, பழைய அளவு தெரிந்தால் அளந்து ஒப்பிட்டு, படங்களோடு வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும். அப்படியும் வேண்டும் என்றால், திருகு எதையும் இறுக்காமல், அதன் வடிவத்துக்கே வெட்டிய மிருதுவான நுரைக்குழியில் படுக்க வைத்து, கனமான எந்தப் பாகமும் இல்லாத தனிப் பெட்டியில் அனுப்ப வேண்டும்.